ஒரு பேருக்கு நானூற்று எழுபது நாள்

என் தம்பி திலீப் பிறந்ததிலிருந்து வெல்டிங் ராடைக் கையில் பிடித்ததில்லை. மணலி ரோட்டில் இருக்கும் கன்டெய்னர் ரிப்பேர் யார்டில் அவன்தான் நிரந்தர வெல்டர். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்த அறிவாளி நான். ஆகவே இதில் யாரைக் காறித் துப்புவதாக இருந்தாலும் முதலில் என்னைத் துப்பிவிட்டுத்தான் மற்றவர்களிடம் போக வேண்டும்.

என் பெயர் செங்கொடி. பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம், அது எங்கப்பா ஆசைக்கு வைத்தது. நான் டோல்கேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கு நேர் மேலே, மாடியில், கோவிந்தம்மாவின் ஆபீஸ். கோவிந்தம்மா லேபர் கான்ட்ராக்டர். புருஷன் செத்ததும் அவன் பார்த்த மேஸ்திரி வேலையைக் கையில் எடுத்து, இன்றைக்கு அந்த ஒரு யார்டுக்கு மட்டும் இருநூற்றுச் சொச்சம் ஆட்களை அனுப்புகிறாள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர் பகலவன்.

பகலவன் நல்ல வெல்டர். இதை நான் பொண்டாட்டி என்பதால் சொல்லவில்லை, அந்த யார்டு மேனேஜரே சொல்வான். துருப்பிடித்த கன்டெய்னரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. ஆள் உள்ளே போக வேண்டும், வெளியிலிருந்து கதவைச் சாத்த வேண்டும். உள்ளே இருட்டில் நின்றுகொண்டு எங்கெங்கே வெளிச்சம் வருகிறது என்று பார்த்து சாக்பீஸில் வட்டம் போட வேண்டும். மே மாதத்தில் அந்த இரும்புப் பெட்டிக்குள் இரண்டு நிமிஷம் நிற்பவனுக்கே கோவில் கட்டலாம். இவர் பதினைந்து நிமிஷம் நிற்பார். இவர் வட்டம் போட்டு அடைத்த பெட்டி திரும்பி வந்ததில்லை.

அந்த வேலைக்கு இவருக்கு மாதம் பதினைந்தாயிரத்து ஐந்நூறு. பக்கத்தில் அதே ராடு, அதே ஓட்டை, அதே வெயில், ஆனால் நிரந்தரம் என்று ஒரு காகிதம் வைத்திருப்பவனுக்கு நாற்பத்தாறாயிரம். அப்படிப்பட்டவர்கள் அறுபத்திரண்டு பேர். அவர்களை வேலையை விட்டு எடுக்க முடியாது. அவர்கள் சம்பளம் ஏறுமே தவிர ஒரு ரூபாய் இறங்காது. வேலை குறைந்தாலும் இறங்காது, கப்பலே வராவிட்டாலும் இறங்காது. அதனால் கம்பெனிக்காரன் என்ன செய்தான்? பதினோரு வருடமாக அறுபத்துமூன்றாவது ஆள் என்று ஒருவனைச் சேர்க்கவே இல்லை. ஏறுவதையெல்லாம் கோவிந்தம்மாவின் ஆட்கள் தலையில் ஏற்றினான்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் நானூற்று எண்பது நாள் ஒருவனிடம் வேலை வாங்கிவிட்டால் அவனை நிரந்தரம் செய்ய வேண்டும். எழுதிய மனிதர் யாரோ, நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அவருடைய நல்ல எண்ணத்தால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நானூற்று எழுபதாவது நாள் வேலை போகிறது. பத்து நாள் மிச்சம் வைப்பது கோவிந்தம்மாவின் ஜாக்கிரதை.

ஆனால் நல்ல வெல்டரை அனுப்பிவிட்டு மேனேஜர் என்ன செய்வான்? அதற்கும் கோவிந்தம்மா வழி வைத்திருந்தாள்.

“பகலு, உன் பேரு முடிஞ்சிச்சு. வேற பேரு எட்த்துனு வா,” என்பாள், சட்டை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிற மாதிரி.

அங்கே ஆள் முடிவதில்லை, பேர்தான் முடியும். மச்சான் பேர், சித்தப்பா பேர், ஊரில் இருக்கும் பங்காளி பேர் எதுவானாலும் பரவாயில்லை, ஆதார் ஜெராக்ஸ் ஒன்று வேண்டும். கேட்டில் இருப்பது கம்பெனி தானே வாங்கி வைத்த மெஷின். எந்தப் பேரில் எந்த விரலை வைத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஒன்பது வருடத்தில் என் வீட்டுக்காரர் மூன்று தடவை பகலவனாகவும் மூன்று தடவை என் தம்பி திலீப்பாகவும் வேலை பார்த்தார். திலீப் அந்த ஒன்பது வருடமும் வியாசர்பாடியில் கேரம் போர்டு பக்கத்தில் நின்று அடுத்தவன் ஆட்டத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வருடம் அந்த மூன்றாவது திலீப் நானூற்று எழுபதை நெருங்கினான். மாதக் கடைசியில் ‘பேர் முடிந்தவர்கள்’ பட்டியல் ஒன்று மாடியில் தயாராகும். கோவிந்தம்மாவின் கிளார்க் அஃப்ரித் அதைக் கீழே எடுத்து வந்து என்னிடம் ஜெராக்ஸ் எடுப்பான். ஜெராக்ஸ் யார்டு கேட்டுக்குப் போகும், அதில் பேர் இருப்பவனை மறுநாள் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டான். ஒரிஜினல் கோவிந்தம்மா பீரோவில் தூங்கும். அந்தப் பட்டியலில் கடைசி வரி: திலீப், வெல்டர்.

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். அஃப்ரித் வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு விரல் அகல வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து அந்தக் கடைசி வரி மேல் வைத்து மூடியை இறக்கினேன். வெளியே வந்த ஜெராக்ஸில் திலீப் இல்லை. அவ்வளவு சுத்தமான காப்பியை அந்த மெஷின் அதற்கு முன் கொடுத்ததில்லை.

பத்து நாள் யாரும் கவனிக்காமல் இருந்தால் போதும். இருநூறு பேரில் ஒரு வெல்டர் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறான் என்பதை யார் கவனிப்பார்கள்? யாரும் கவனிக்கவில்லை. நானூற்று எண்பத்தாறாவது நாள் வருகைப் பதிவைப் பகலவனை விட்டே போனில் படம் பிடிக்கச் சொன்னேன். அதை அச்செடுத்து, நிரந்தரத் தொழிலாளர் சங்கத் தலைவர் உசேனிடம் கொண்டுபோனேன். உசேன் ஆறு வருடமாக ராடைத் தொடாத வெல்டர்.

“இன்னாம்மா இது? திலீப்பா? யாரு அவன்?”

“நம்ம வூட்டுக்காரருதாண்ணே. அந்தப் பேர்லதான் உள்ள போய்கினு கீறாரு.”

“யாரா வேணா இருக்கட்டும். நானூத்தி எம்பது தாண்டிச்சா? அது போதும்.”

அவர் கண்ணில் தெரிந்த சந்தோஷத்தை என் புருஷனுக்கான சந்தோஷம் என்று நினைத்தேன். அவருக்குச் சம்பளப் பேச்சுவார்த்தை வந்துகொண்டிருந்தது. கையில் ஒரு கல் வேண்டியிருந்தது, நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேபர் ஆபீசுக்குப் போவேன் என்று கம்பெனியை மிரட்டினார். அங்கிருந்து அதிகாரி வந்து பதிவேடுகளைப் பிரித்தால் இருநூறு பேரின் பேர் விளையாட்டும் வெளியே வரும் என்று கம்பெனிக்கு வேர்த்துவிட்டது. ஒரே ஒருவனுக்கு நிரந்தர உத்தரவைக் கொடுத்து வாயை மூடிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மற்ற இருநூறு பேரைப் பற்றி உசேன் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை.

உத்தரவு தபாலில் வந்தது: ‘திரு. திலீப் அவர்களுக்கு’. நான் அதை வீட்டில் இருக்கும் புத்தர் படத்துக்கு முன்னால் வைத்தேன். பேர் கிடக்கிறது பேர், யார் பேரில் இருந்தால் என்ன? ஒன்பது வருடத்தில் பாதி அடுத்தவன் பேரில் சம்பளம் வாங்கியவள் நான், இன்னும் இருபது வருடம் அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். பேர் மாற்றி மாற்றிப் பேருக்கு மதிப்பே இல்லை என்று எங்களுக்குப் பழகிவிட்டது.

சேரும் நாளில்தான் தெரிந்தது. நிரந்தர ஆளுக்குக் கேட் மெஷின் கிடையாது. நேரே ஆதாரோடு ஒத்துப் பார்க்கும் மெஷின். பகலவன் விரலை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. மேனேஜருக்கு இவரை ஒன்பது வருடமாகத் தெரியும், இரண்டு பேரிலும் தெரியும்.

“திலீப்ப வரச் சொல்லுங்க,” என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னானாம்.

நான் திலீப்பைக் கேரம் போர்டிலிருந்து இழுத்து வந்தேன்.

“அக்கா, எனுக்கு எதுக்குக்கா இந்த பேஜாரு? மாமாவோட வேல அது.”

“மாமாவோட வேலதான்டா. நீ போயி வெரல வச்சிட்டு வா. அப்பால பாத்துக்கலாம்.”

“சம்பளம் வந்தா அப்டியே உன் கைல குட்த்துடுவேங்க்கா. அம்மா மேல சத்தியமா.”

போவதற்கு முன் இன்னொரு சிக்கல். பழைய பதிவேடுகளில் இருக்கும் கையெழுத்தோடு புதுக் கையெழுத்து ஒத்துப்போக வேண்டும் என்றார்கள். பழைய பதிவேடுகளில் திலீப் என்று போட்டதெல்லாம் பகலவன். ஆகவே திலீப் தன் கையெழுத்தைப் பகலவனிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க, என் மகன் அறிவின் பழைய நோட்டில், என் வீட்டுக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

“மச்சான், ‘தி’ பெர்சா போடு. ‘ப்’ல புள்ளி வெக்கிற இல்ல, அத்தோட கைய எடுக்காத. அப்டியே கீய இட்டுனு வந்து ஒரு வாலு. பாம்பு மாறி இல்ல, தூண்டி முள்ளு மாறி மேல தூக்கு.”

திலீப்புக்கு வால் வரவேயில்லை. நாற்பது தடவை போட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைசியில் எப்படியோ சுமாராக ஒன்று வந்தது, கம்பெனியும் கண்ணை மூடிக்கொண்டது.

முதல் நாள் திலீப்பை ஓட்டை பார்க்க கன்டெய்னருக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அரை நிமிஷத்தில் உள்ளேயிருந்து கதவைக் குத்திக் கத்தினானாம். வெளியே வந்து மணலி ரோட்டுக்கே கேட்கிற மாதிரி வாந்தி எடுத்தான். மறுநாள் ராடு பிடிக்கக் கூப்பிட்டார்கள், அதைத் தொடுமுன்பே பக்கத்து ஆளின் வெல்டிங்கைக் கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டுக் கண் வீங்கி மூன்று நாள் சம்பளத்தோடு லீவு. வேறு யாராக இருந்தாலும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். இவன் நிரந்தரம், தள்ள முடியாது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பதிவேடும் கொடுத்து, கான்ட்ராக்ட் ஆட்களின் பேர் கூப்பிடும் வேலையில் உட்கார வைத்தார்கள். நாற்பத்தாறாயிரம் ரூபாய் நாற்காலி.

பகலவன் இரண்டரை மாதம் வெளியே நின்றார். காசிமேட்டில் படகுகளுக்கு வெல்டிங், கிடைத்த நாளில் கிடைத்தது. அங்கே சம்பளம் ஒரே நாளில் இறங்கும், மறுநாள் ஏறும், எந்தச் சட்டமும் கேட்காது. திலீப் முதல் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தான். இரண்டாவது மாதம் பிரியாணி வாங்கி வந்தான். மூன்றாவது மாதம் பைக்கில் வந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, “இந்த கான்ட்ராக்ட் ஆளுங்க இருக்கானுங்களே, டைமுக்கே வரமாட்டானுங்க மாமா,” என்று என் புருஷனிடமே சொன்னான். என் புருஷன் தலையாட்டினார். இருவரையும் வாசலில் நிற்க வைத்துச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

“டேய், வேலய வுட்டுடுடா,” என்றேன். “உனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மாமா எடத்துல குந்திகினு கீற.”

“நான் வுட்டா மாமாக்கா குடுப்பானுங்க? அந்த எடத்தையே மூடிடுவானுங்கக்கா. பழையபடி அறுவத்திரெண்டு. உனுக்கு அதான் வோணும்னா சொல்லு, நாளைக்கே எழுதிக் குட்த்துட்றேன்.”

அவன் ஆயுளில் சொன்ன ஒரே சரியான பேச்சு அது.

அதற்குள் யார்டில் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. அடைத்த ஓட்டையில் மழைத் தண்ணீர் இறங்கி யாருடைய துணி மூட்டைகளோ நாறிப் போயின. மேனேஜர் கோவிந்தம்மாவைக் கூப்பிட்டு, “அந்தப் பழைய வெல்டரைக் கொண்டு வா” என்றான். கோவிந்தம்மா படியிறங்கி என் கடைக்கு வந்தாள். காகிதத் துண்டு விஷயம் அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. கோபமே படவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

“சோக்கா செஞ்ச செங்கொடி. தம்பிக்கு வேல வாங்கிக் குட்த்துட்ட. எங்கூர்ல எந்த அக்காவும் செய்ல.”

“இன்னா விசயம் சொல்லுக்கா.”

“பகலுவ அனுப்பு. ஆனா ஒண்ணு. உன் வேலயால கம்பெனி பயந்து கெடக்குது. பழைய பேரு எதுவும் கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்ட்டான். பகலவன் பேரும் வேணாம், திலீப்பு பேரும் வேணாம். புச்சா ஒரு பேரு குடு. உன் பையன் பேரு இன்னா, அறிவு?”

அறிவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருடம். அவன் பேரையும் அந்த மெஷினுக்குள் போட்டால், நாளைக்கு அவன் படித்து முடித்து அந்த ரோட்டில் வேலை தேடிப் போகும்போது அவன் பேர் ஏற்கெனவே முடிந்திருக்கும். முடியாது என்றேன். கோவிந்தம்மா பொறுமையாக நின்றாள். “வேற யாருதும் இல்லியா வூட்ல?” என்றாள்.

ரேஷன் கார்டு கவருக்குள் என் மாமனாரின் ஆதார் இருந்தது. லோகநாதன். செத்து இரண்டு வருடம் ஆகிறது, ஆதார் கணக்கில் இன்றைக்கு வயது அறுபத்தொன்பது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். நான் அதை விளையாட்டுக்குத்தான் சொன்னேன். எங்கள் ஊரில் விளையாட்டுக்குச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை என்பதை மறந்துவிட்டேன். கோவிந்தம்மா முகம் மலர்ந்தது.

“இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அறுவது தாண்டின பேரு, பி.எஃப்.னு எவனும் வந்து கேக்கமாட்டான். அறுவத்தொம்போது வயசு ஆள போயி எவன் நெரந்தரம் கேப்பான்? பேரு முடியவே முடியாது. ஆயுசுக்கும் ஓட்டலாம்.”

“அவரு செத்துட்டாருக்கா.”

“அதான் சொல்றேன்.”

கேட் மெஷின் லோகநாதன் என்ற பேரில் பகலவனின் விரலை வாங்கிக்கொண்டது. இப்போது தினமும் காலை ஏழே முக்காலுக்கு என் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து “லோகநாதன்” என்று கூப்பிடுகிறான், என் புருஷன் தன் செத்துப்போன அப்பாவுக்காக “உள்ளேன்” என்று சொல்லிவிட்டு இரும்புப் பெட்டிக்குள் போகிறார். கதவைச் சாத்துவது சில நாள் திலீப். பெட்டிகள் திரும்பி வருவது நின்றுவிட்டது.

போன வாரம் உசேன் கடைக்கு வந்தார், கையில் சம்பள ஒப்பந்தம். முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்தது என்றார். “அறுவத்துமூணு காப்பி போடும்மா, ஆளுக்கு ஒண்ணு.”

மெஷினில் வைக்குமுன் படித்தேன். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு உயர்வு. அதற்குக் கைமாறாக ஒன்பதாவது வரி: கான்ட்ராக்ட் ஆட்களின் சம்பளம் நான்கு வருடத்துக்கு இப்போது இருக்கும்படியே இருக்கும், அவர்களில் யாரையும் நிரந்தரம் செய்யும்படி சங்கம் கேட்காது. கீழே அறுபத்துமூன்று கையெழுத்து.

“அண்ணே, நான் குட்த்த பேப்பர வச்சிதானே பேசுன? இது இன்னாண்ணே ஒம்போதாவது?”

“அது கம்பெனி கேட்டதும்மா. ஒண்ணு குட்த்தாதான் ஒண்ணு. உன் தம்பிகூட கையெய்த்து போட்டுக்கீறான் பாரு.”

பார்த்தேன். கடைசியில் இருந்தது. பெரிய ‘தி’, கை எடுக்காமல் கீழே வந்து, தூண்டில் முள் மாதிரி மேலே தூக்கிய வால். அந்த யார்டில் அப்படி வால் போடும் கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒன்பது வருடம். என் மேசை டிராயரில் அந்த வெள்ளைக் காகிதத் துண்டு இன்னும் கிடந்தது. எடுத்து ஒன்பதாவது வரி மேல் வைத்துப் பார்த்தேன். சரியாக மறைத்தது. ஒரிஜினலில் கையெழுத்து ஆகிவிட்டது, காப்பியில் மறைத்து என்ன பயன்? துண்டை எடுத்துவிட்டு அறுபத்துமூன்று போட்டுக் கொடுத்தேன். அறுபத்துநான்காவது எனக்கு.

சாயங்காலம் அவர் வந்து முகம் கழுவியதும் அதை முன்னால் வைத்தேன். ஒன்பதாவது வரியை விரலால் காட்டினேன். “படி,” என்றேன். படித்தார். மெதுவாக, உதடு அசைய, முழுதும் படித்தார். ஒரு கெட்ட வார்த்தையாவது வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வை பக்கத்தின் கடைசிக்குப் போய் அந்தக் கையெழுத்தில் நின்றது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“பரவால்ல,” என்றார். “வாலு இப்ப கரெக்டா வருது அவனுக்கு.”